அடி உழுந்துச்சு

இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். சர்க்கார் வக்கீலாக நியமனமாகி, கறுப்புக் கோட்டின் மடிப்புக்கூட இன்னும் கலையாதவர். காப்பி குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "சார், மற்ற வக்கீல்களுக்குக் கட்சிக்காரன் எதிரே வந்து உட்காருகிறான். நமக்குக் கட்சிக்காரன் சர்க்கார். சந்தேகம் வந்தால் யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது?"

ஏதோ சொல்லிச் சமாளித்து அவரை அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் உறைத்தது, சேலத்தில் அத்தனை வருஷம் சர்க்காருக்காக எழுந்து நின்று பேசியவனிடம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இல்லை என்று. பதில் இல்லை, ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் தெளிவு பிறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கே பிறக்கவில்லை.

கதர்ச் சட்டைக்காரர்கள் சென்னையில் முதன்முதலாக மந்திரிகளான வருஷம் அது. நான் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் பப்ளிக் பிராசிக்யூட்டர். கீழே மேஜிஸ்திரேட் ஒருவனைத் தண்டிப்பார். அவன் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் வருவான். தண்டனை சரியே என்று சர்க்கார் தரப்பில் சொல்வது என் வேலை. அப்பீலில் சாட்சிகள் கூண்டேறுவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். கீழ்க் கோர்ட்டில் பதிவான காகிதம்தான் பேசும். அடிபட்டவனும் அடித்ததாகச் சொல்லப்பட்டவனும் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய வாழ்க்கையை நாங்கள் இங்கிலீஷில் பேசித் தீர்த்துவிட்டுச் சாப்பிடப் போவோம்.

அந்த அப்பீல் பரமத்தி வேலூர்ப் பக்கத்து ஆற்றோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே இருந்த கள்ளுக்கடையின் முன்னால் முந்தின வருஷம் மறியல் நடந்தது. ஆட்களைத் திரட்டி வந்தவர் சென்னியப்பன் என்ற விவசாயி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார், இளவயது, கதர் தவிர வேறு கட்டாதவர். கடை வாசலில் காவலுக்கு நின்றவன் மாரப்பன். பொழுது சாயும் நேரத்தில் தள்ளுமுள்ளு ஆயிற்று. தென்னை மட்டை ஒன்று மாரப்பனின் இடது கண்ணில் விழுந்தது. கண் போயிற்று.

மாரப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கடையின் குத்தகைதாரர்தான் போலீஸில் எழுதிக் கொடுத்தார். அடித்தவர் சென்னியப்பன் என்று எழுதினார்; ஆனால் கூண்டேறிச் சாட்சி சொல்லவில்லை. பிறகு நாமக்கல் மேஜிஸ்திரேட் முன்னால் மாரப்பனும் அப்படியே சாட்சி சொன்னதாகப் பதிவாகியிருந்தது. சென்னியப்பன் வக்கீல் வைக்கவில்லை, குறுக்கு விசாரணையும் செய்யவில்லை. "நான் அடிக்கவில்லை. அந்நியர் வைத்த இந்தக் கோர்ட்டில் எதிர்வழக்காட எனக்கு இஷ்டமில்லை" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் அவர்களில் பலர் அப்படித்தான். கடுங்காவல் விதித்தார்கள். சென்னியப்பனின் மாமனார்தான் மருமகனோடு மல்லாடி, கையெழுத்து வாங்கி, அப்பீல் போட்டு ஜாமீனில் வெளியே கொண்டுவந்தார்.

சாதாரணக் காலமாக இருந்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் சர்க்கார் மாறிவிட்டது. கள்ளுக்கடை முன் மறியல் செய்து சிறைக்குப் போனவர்கள் மந்திரிகளானார்கள். அதோடு நிற்கவில்லை. மாகாணத்திலேயே முதலாவதாக நம் சேலம் ஜில்லாவில்தான் கள்ளுக்கடைகளை மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். கள்ளுக்கடையை மூடு என்று சொல்ல வந்த சென்னியப்பனைத் தண்டித்தது சர்க்கார். அந்தக் கள்ளுக்கடையை மூடப்போவதும் சர்க்கார். இரண்டுக்கும் வக்கீல் நான். என் மேஜைமேல் இருந்த வழக்குக் கட்டின் முகப்பில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. வாதி என்ற இடத்தில் 'சக்கரவர்த்தி' என்றே இருந்தது. அவர் லண்டனில் இருந்தார். அவரிடம் போய்க் கேட்க முடியாது.

கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் எனக்கு நெடுநாள் பழக்கம். கலெக்டர் துரையின் மனத்தில் இருப்பதை அவர் வாயால்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். "இந்த அப்பீலில் என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார் என்ன செய்யச் சொல்கிறார்கள்?"

"சர்க்கார்."

"எந்த சர்க்கார்?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. "துரை இந்த வழக்குக் கட்டில் ஒரு வரியும் எழுத மாட்டேன் என்கிறார். சென்னையிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. வக்கீலுக்கு யுக்தமாகப் பட்டதைச் செய்யட்டும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லச் சொன்னார். வாய்வார்த்தையாகத்தான். நான் சொன்னதாகவும் வேண்டாம்."

யுக்தமாகப் பட்டதைச் செய்வதற்கு முதலில் ஏதாவது படவேண்டுமே. எனக்கு ஒன்றும் படவில்லை.

அதற்கப்புறம் என் வீட்டுக்கு வந்தவர் கள்ளுக்கடைக் குத்தகைதாரர். முதல் பார்வையில் அடையாளம் தெரியவில்லை. முன்பு ஜரிகை அங்கவஸ்திரத்தோடு பார்த்த மனிதர், இப்போது தோளில் முரட்டுக் கதர்த் துண்டு, கதர் ஜிப்பா.

"ஏனுங்க சாமி, அந்த வேலூர்க் கேஸைக் கொஞ்சம் பாத்து உட்டுடுங்க. சென்னியப்பன் நம்ம பையனுங்க" என்றார்.

"அவர் அடித்தார் என்று எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே?"

"அது அன்னைக்குங்க. அன்னைக்குக் கடை இருந்துச்சு."

"அடித்ததை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாத்தேன்னு வெச்சுக்கிட்டாப் பாத்ததுதானுங்க. பாக்கலைன்னு வெச்சுக்கிட்டாலும் எனக்கு வருத்தமில்லைங்க. சாமிக்கு எது தோதோ அப்பிடி வெச்சுக்குங்க."

அவரை வெளியே அனுப்பினேன். ஆனால் அவர் சொன்னது உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. இந்த மனிதரின் புகாரை வைத்துத்தானே ஒருவரைச் சிறைக்கு அனுப்பியிருந்தோம்!

சென்னியப்பனின் மாமனார் அமர்த்திய வக்கீல் என் சிநேகிதர். வக்கீல்கள் அறையில் என்னைத் தனியே இழுத்துப் போனார். நான் எதிர்பார்த்ததை அவர் சொல்லவில்லை.

"ஊரே நீ தண்டனையை ஆதரிக்காமல் விட்டுவிடுவாய் என்று பேசிக்கொள்கிறது. என் வேலை மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்த ஆள் மாட்டேன் என்கிறாரே!"

"யார்?"

"சென்னியப்பன்தான். சர்க்கார் தயவால் வெளியே வந்தால் ஒரு ஏழையின் கண்ணை அவித்தவன் என்ற பேர் சாகிற வரைக்கும் நிற்குமாம். ஆளைத் தொடக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு மறியலுக்குப் போனவராம். அடித்தாரா இல்லையா என்று கோர்ட் விசாரித்துச் சொல்லவேண்டுமாம். நீ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டு ஜெயிலுக்கே போய்விடுவாராம். இப்படி ஒரு கட்சிக்காரரை வைத்துக்கொண்டு நான் எப்படித் தொழில் செய்வது?"

நாமக்கல்லில் கோர்ட்டே வேண்டாம் என்றவர், சேலத்தில் கோர்ட்தான் சொல்லவேண்டும் என்கிறார். அவரும் குழம்பித்தான் இருந்திருக்க வேண்டும். குழப்பத்தில் நான் தனியாக இல்லை என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசியாக வந்தவன் மாரப்பன். ஒரு காலை நேரம். வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். நடுவயது, நல்ல உயரம். இடது கண் மறையும்படி தலைத்துண்டை இறக்கிக் கட்டியிருந்தான். நான் வெளியே வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஏனுங்க சாமி, நீங்கதானுங்க என்னோட வக்கீலு?"

"நான் சர்க்கார் வக்கீலப்பா."

"அதானுங்க. எனக்காவச் சர்க்காரு வெச்சிருக்கற வக்கீலு."

திருத்த வேண்டும் என்று வாய் வந்தது. சர்க்கார் வக்கீல் என்பவர் அடிபட்டவனின் வக்கீல் அல்ல, அவர் பொது ஒழுங்கின் சார்பாகப் பேசுபவர் என்றெல்லாம் நமக்குச் சட்டக் காலேஜில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் அதை எப்படிச் சொல்வது?

"கேஸை உட்டுப்போடப் போறாங்கன்னு ஊருல பேசிக்கறாங்க. நெசமுங்களா?"

"இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை" என்றேன். பிறகு, அந்த இடத்தில் வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்து, "அன்றைக்கு என்ன நடந்ததென்று சொல்லு, கேட்போம்" என்றேன். அவன் சொல்லப்போவது எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்தேன். அவனுடைய வாக்குமூலத்தை நான் பலமுறை படித்திருந்தேன்.

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது. பொழுது எறங்கற நேரமுங்க. கடைக்குள்ள போவக்கூடாதுன்னு சனத்தை மறிச்சாங்க. அவங்க உள்ள வந்துறக்கூடாதுன்னு நானு வாசல்ல குறுக்கால நின்னனுங்க. அவரு, சென்னியப்பனுங்க, எம் முன்னால வந்து நின்னாரு. 'மாரப்பா, வளி உடு'ன்னாரு. 'உடமாட்டனுங்க'ன்னேன். அப்பிடியே மட்டையில ஒரு அடி உழுந்துச்சுங்க. அத்தோட கண்ணு போச்சு."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். "கடைசியாக என்ன சொன்னாய்? இன்னொரு தடவை சொல்லு."

"அடி உழுந்துச்சுங்க. கண்ணு போச்சு."

"நாமக்கல் கோர்ட்டிலும் இப்படித்தான் சொன்னாயா?"

"வேற எப்பிடிங்க சொல்லுவேன்? நடந்ததைத்தானுங்க சொன்னேன்."

அவன் அதிகமாக ஒரு வார்த்தையும் பேசாதபடி, விசாரணை அன்றைக்குக் கோர்ட்டுக்கு வந்து உட்கார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். உள்ளே போய்க் கட்டைப் பிரித்தேன். மேஜிஸ்திரேட் தம் கைப்பட இங்கிலீஷில் எழுதியிருந்தார்: 'எதிரி என் முன்னால் வந்து நின்றார். மட்டையால் என்னை அடித்தார்.' அந்த மேஜிஸ்திரேட் தெலுங்கு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர், நேர்மையானவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பேச்சில் அடி தானாக வந்து விழும், யார் கை என்று சொல்லவேண்டிய அவசியமில்லை. அதை இங்கிலீஷில் எழுத உட்காருகிறவனுக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. முன்னால் நின்றவர் ஒருவர் இருந்தார். அவரை அந்த இடத்தில் வைத்து எழுதிவிட்டார்.

இதில் இளைஞர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது கஷ்டமில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் என்னைப் போட்டு ஆட்டியது.

என் வீட்டு வாசலில் காதில் விழுந்த பேச்சு சாட்சியம் ஆகாது. அதைப் பேசாமல் விழுங்கிவிட்டுக் காகிதத்தில் இருப்பதை வாதித்தால் தண்டனை நிற்கும். மாரப்பன் திருப்தியோடு ஊருக்குப் போவான். ஆனால் அடிக்காத ஒருவர் சிறைக்குப் போகக்கூடும். அடிக்காதவர் என்றுதான் என்ன நிச்சயம்? முன்னால் நின்றவரே அடித்தும் இருக்கலாம். சரி, சந்தேகம் இருக்கிறதென்று நான் எழுந்து சொல்லிவிட்டால்? சேலம் முழுக்க என்ன சொல்லும்? புது மந்திரிகள் வந்தார்கள், சர்க்கார் வக்கீல் தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள வளைந்துகொடுத்தார் என்று சொல்லும். நியாயம் என்று எனக்குப் பட்டதும், முகஸ்துதி என்று ஊருக்குப் படுவதும் ஒரே காரியமாக இருந்தன. ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. இன்னும் ஒரு விஷயம், உங்களிடம் மறைப்பானேன்: பதவி போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருக்கத்தான் செய்தது. அதனால் என் மனசாட்சி பேசுகிறதா, பயம் பேசுகிறதா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விசாரணை நாள் வந்தது. கோர்ட் வெள்ளை வெளேரென்று கதராக இருந்தது. குத்தகைதாரர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். மாரப்பன் கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருந்தான். சென்னியப்பன் அவருடைய வக்கீலுக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

ஜட்ஜ் ஆங்கிலேயர். தமிழ்ப் பரீட்சை தேறியவர்தான், ஆனால் புத்தகத் தமிழ். எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்கும் முன்பே என்னைப் பார்த்தார். "சர்க்கார் இந்தத் தண்டனையை ஆதரிக்கிறதா, கைவிடுகிறதா?"

எழுந்தேன். அந்தக் கணம் வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. இதை நம்புங்கள்.

"இப்போதைக்கு இரண்டும் இல்லை. சாட்சி சொன்ன வார்த்தை சரியாகப் பதிவாகவில்லை என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவரை இந்தக் கோர்ட்டிலேயே மறுபடியும் விசாரிக்க அனுமதி கேட்கிறேன்."

பின்னால் சலசலப்பு எழுந்தது. ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்கள் புதிய எஜமானர்களின் விருப்பமா?"

முகத்தில் அறைந்தது போலிருந்தது. நான் பயந்த கேள்வி ஊரிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன், நீதிபதியிடமிருந்தே வந்தது.

"எனக்கு எந்த எஜமானரும் உத்தரவு தரவில்லை. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை" என்றேன்.

ஜட்ஜின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அவருக்கும் அந்த மாதங்களில் அதே கதிதான் போலும். "சாட்சி வந்திருக்கிறாரா? கூப்பிடுங்கள்" என்றார்.

மாரப்பன் கூண்டேறினான். அவனாகவே சொல்லட்டும் என்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். என் வீட்டு வாசலில் சொன்னதை அப்படியே சொன்னான். "எம் முன்னால வந்து நின்னாருங்க. வளி உடுன்னாரு. உடமாட்டனுங்கன்னேன். அடி உழுந்துச்சுங்க."

கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தஞ்சாவூர்க்காரர். கொஞ்சமும் யோசிக்காமல் இங்கிலீஷில் சொன்னார்: "நான் மறுத்தேன். அவர் என்னை அடித்தார்."

மறுபடியும் அதே! அதுவும் எனக்குச் சாதகமாக! நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த வரி இரண்டாவது முறையாகப் பதிவாகியிருக்கும். அதற்கப்புறம் எந்தக் கோர்ட்டும் அதை அசைத்திருக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "மொழிபெயர்ப்பு சரியில்லை. ஒரு அடி விழுந்தது என்றுதான் சாட்சி சொல்கிறார். யார் அடித்தது என்று சொல்லவில்லை."

மொழிபெயர்ப்பாளர் கோபமாகத் திரும்பினார். "இரண்டும் ஒன்றுதானே?"

"இல்லை" என்றார் ஜட்ஜ், மெதுவாக. "கேளுங்கள், மிஸ்டர் பிராசிக்யூட்டர்."

"மாரப்பா, அடித்த கையைப் பார்த்தாயா?"

"கையை எங்கீங்க பாத்தேன்? இவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன். அடி பக்கத்தாலிருந்து உழுந்துச்சு."

"பிறகு இவர்தான் என்று எப்படி வந்தது?"

மாரப்பன் என்னைப் பார்த்தான். அவனுடைய வக்கீல் அவனை ஏன் இப்படிக் கேட்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. "முன்னால நின்னது இவருதானுங்களே சாமி. சனத்தைக் கூட்டிக்கிட்டு வந்ததும் இவருதான். வேற ஆரைச் சொல்றதுங்க?"

ஜட்ஜ் சென்னியப்பனைக் கூப்பிட்டார். தாமே தமிழில் கேட்டார். "நீர் இவரை அடித்தீரா?"

"அடிக்கலீங்க."

"அடித்தது யார்?"

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியுமுங்க. ஆனாச் சொல்ல மாட்டனுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். எதிரியைச் சத்தியம் வைத்துக் கேட்கவோ, சொல்லென்று கட்டாயப்படுத்தவோ சட்டத்தில் இடமில்லை. ஜட்ஜும் அதற்குமேல் கேட்கவில்லை.

மத்தியானம் தீர்ப்பு வந்தது. அடித்தவர் எதிரிதான் என்பதற்குச் சாட்சியம் இல்லை. தண்டனை ரத்து. கோர்ட் வாசலில் ஜெய கோஷம் எழுந்தது. குத்தகைதாரர் எங்கிருந்தோ ஒரு ரோஜா மாலையோடு ஓடிவந்து சென்னியப்பன் கழுத்தில் போடப் பார்த்தார். சென்னியப்பன் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நான் நின்றிருந்த தாழ்வாரத்துக்கு வந்தார். ஏனென்றால் மாரப்பன் என் எதிரே நின்றிருந்தான்.

"முடிஞ்சு போச்சுங்களா சாமி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான் மாரப்பன்.

"முடிந்துவிட்டது. அவர் அடிக்கவில்லை என்று தீர்ப்பு."

"செரீங்க. அப்ப என்னை அடிச்சது ஆருங்க?"

அந்தக் கட்டிடம் முழுவதிலும் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய ஆள் ஒருவரும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போலீஸுக்கு வழக்கு முடிந்தது. ஜட்ஜுக்கு அப்பீல் முடிந்தது. சக்கரவர்த்திக்கு இப்படி ஒரு கண் இருந்ததே தெரியாது.

சென்னியப்பன் கைகூப்பினார். "மாரப்பா, அன்னைக்கு அந்தச் சனத்தைக் கூட்டிக்கிட்டு வந்தவன் நான்தானப்பா."

"அது எனக்குத் தெரியுமுங்க. அடிச்சது ஆரு?"

சென்னியப்பன் கண்கள் கலங்கின. தம்மை நம்பி வந்த ஆள் ஒருவனைக் காட்டிக்கொடுப்பதா, எதிரே நிற்கிறவனுக்குச் சேரவேண்டிய ஒரு பெயரை மறைப்பதா என்று அவர் தவித்தது முகத்தில் தெரிந்தது.

மாரப்பன் என் பக்கம் திரும்பினான். "சர்க்காரு கேட்டாக்கூடச் சொல்ல மாட்டாருங்களா?"

"சர்க்கார் கேட்டாகிவிட்டது, மாரப்பா."

"அப்பறம் சர்க்காரு எதுக்குங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பதில் வராது என்று தெரிந்ததும், "வாரேனுங்க சாமி" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்கு எதிரே நின்ற பஸ்ஸுக்குப் போனான். பரமத்தி வேலூருக்கு அன்றைக்கு அதற்குமேல் வேறு பஸ் இல்லை. கார் இல்லாவிட்டால் சென்னியப்பனும் அதில்தான் போகவேண்டும். அவர் மாலை போட வந்தவர்களின் காரில் ஏறாமல் பஸ்ஸின் பின்பக்கம் ஏறி நின்றதைப் பார்த்தேன். மாரப்பன் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பயந்ததெல்லாம் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். வக்கீல்கள் அறையில் நான் நுழைந்தால் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு என் நியமனத்தைப் புதுப்பித்தார்கள். அதனாலேயே வதந்தி ஊர்ஜிதமாயிற்று. பதவி போயிருந்தால் நான் நல்லவன் என்று சொல்லியிருப்பார்கள். அந்தத் தீர்ப்பு நியாயம் என்று ஒரு நாளும், மாரப்பனைக் கைவிட்டேன் என்று மறுநாளும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் இரண்டும் தோன்றுகின்றன. கள்ளுக்கடை மூடியதும் மாரப்பனுக்கு வேலையும் போயிற்று. அவனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கலெக்டருக்கு எழுதினேன். கடிதத்தை வழக்குக் கட்டில் சேர்த்துக்கொண்டோம் என்று பதில் வந்தது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன எடுத்துக் கொடுப்பது? எனக்குத் துணிச்சலாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். சரியான காரியமும் சௌகரியமான காரியமும் ஒரே முகத்தோடு வந்து நின்றால், அதை உங்கள் அறையில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். சம்பந்தப்பட்டவன் வாயால், எல்லார் காதிலும் விழும்படி வரட்டும். அப்படிச் செய்தால் உங்களுக்கு நல்ல பெயர் வராது. நிம்மதியும் வராது. ஆனால் காகிதத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் மட்டும் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்காது.

யுத்தகாலத்தில், கதர்க்காரர்கள் மறுபடியும் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், ஆற்றுப் புறம்போக்கு வழக்கு ஒன்றுக்காக இடம் பார்க்கப் பரமத்தி வேலூர்ப் பக்கம் போனேன். சர்வேயர் வரத் தாமதமானதால் வாய்க்கால் ஓரமாக நடந்தேன். ஒரு கொடிக்காலுக்குள்ளிருந்து, "சாமீங்களா! வாங்க, வாங்க" என்று குரல் கேட்டது.

மாரப்பன். அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடியை நாரால் கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. தலைத்துண்டை இப்போது கண்ணை மறைத்துக் கட்டவில்லை.

"இங்கே எங்கே, மாரப்பா?"

"இது சென்னியப்பன் தோட்டமுங்க. அவரு மறுக்கா உள்ள போயிட்டாருங்க. பயிரை ஆரு பாக்கறது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். "அன்றைக்குக் கோர்ட் தாழ்வாரத்தில் நீ ஒன்று கேட்டாயே, அதற்கு அவர் எப்போதாவது பதில் சொன்னாரா?"

"சொன்னாருங்க. கடை மூடின வருசமே ஊட்டுக்கு வந்தாரு. அந்த ஆளையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. மூணு பேரும் உக்காந்து பேசினமுங்க."

இத்தனை வருஷமாக என்னைத் தூங்கவிடாத ஒன்று கையெட்டும் தூரத்தில் இருந்தது. "யார் அது?"

மாரப்பன் கொடியைக் கட்டி முடித்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தான். முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

"அது எங்களோட இருக்கட்டுமுங்க சாமி" என்றான். "சித்த இருங்க, எளநி வெட்டியாரேன்."

அரிவாளை எடுத்துக்கொண்டு தென்னை வரப்புப் பக்கம் போய்விட்டான். சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் நான் அந்த வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.